பெயர், நட்சத்திரம்

அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் கேட்பவை மூன்று: பெயர், நட்சத்திரம், ராசி. மலேசியாவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எனக்கு இருபது வயது ஆகும்வரை இந்த மூன்றுக்கும் அம்மாதான் பதில் சொன்னார். நான் பக்கத்தில் கைகூப்பி நிற்பேன். வெளியூர்க்காரர்கள் என்னை ஊமை என்று நினைத்ததுண்டு. தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், எல்லாருக்கும் தெரியும், எனக்குத் திக்குவாய் என்று.

2009-ஆம் ஆண்டு, கணக்கியல் டிப்ளோமா முடித்த கையோடு, ஷா ஆலாமிலிருந்து முதல் நேர்முகக் கடிதம் வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மா தட்டை என் கையில் கொடுத்துவிட்டார். “இன்னிக்கு நீயே சொல்லுய்யா. ஆத்தாகிட்ட சொல்லிட்டா அங்க போயும் வாய் வந்துரும்.”

என் பெயர் ‘க’வில் தொடங்கும். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்லியிருக்கிறது. நாக்கின் அடியும் அண்ணத்தின் அடியும் சேரும் இடத்தில் பிறப்பது க. எனக்குப் பூட்டு விழுவதும் சரியாக அங்கேதான். நாக்கின் அடி மேலே போய் ஒட்டிக்கொள்ளும், இறங்காது. பின்னால் மூச்சு முட்டி நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், இடது கண் தானாக மூடிக்கொள்ளும். சத்தம் எதுவும் வராததால் எதிரில் இருப்பவருக்கு நான் யோசித்துக்கொண்டிருப்பதுபோல் தெரியும். சொந்தப் பெயரை யோசித்துச் சொல்பவனை யாரும் நம்ப மாட்டார்கள். வேறு எந்தச் சொல்லில் சிக்கினாலும் பக்கத்துச் சொல்லுக்குத் தாவிவிடலாம். ‘காப்பி’ வராவிட்டால் ‘தேத்தண்ணி’ கேட்டு அதையே குடித்துவிடலாம். எத்தனையோ நாள் அப்படிக் குடித்திருக்கிறேன். பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது.

அன்று குருக்கள் கொஞ்ச நேரம் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. பின்னால் முப்பது தட்டு காத்திருந்தது. “சரிப்பா, சாமி பேருக்கே பண்ணிடலாம்” என்று தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சாமி பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொல்வது பெரிய மனசு என்பார்கள். தனக்கென்று எதையும் கேட்காதவர்கள் செய்வது. நான் அப்படி எதையும் துறந்து வந்தவன் இல்லை. எனக்கு வேலை வேண்டும் என்று கேட்க வந்தவன். தேங்காய் உடைந்த சத்தம் கேட்டது. என் பெயர் உள்ளே போகவே இல்லை.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மனசில் ஒரு கேள்வி உட்கார்ந்தது. நான் சொல்லாமலே ஆத்தாவுக்குத் தெரியும் என்றால் என்னை ஏன் சொல்லச் சொல்கிறார்கள்? சொன்னால்தான் தெரியும் என்றால், சொல்ல முடியாதபடி இந்த வாயைக் கட்டியது யார்?

இதற்குப் பெரியம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. நான் நாலு வயதில் திக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அவர் சொல்லி வந்தது: போன ஜென்மத்தில் யாரையோ வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான், அதுதான் இந்த ஜென்மத்தில் சாமி வாயைக் கட்டிவிட்டார் என்று. சொன்ன அதே வாயோடு தினமும் காலையில் வசம்பைச் சுட்டு, தேனில் உரசி, என் நாக்கில் தடவுவார். ஐந்தரை மணிக்குத் தோட்டத்துப் பெரட்டுக்கு ஆஜர் கொடுக்கப் போகிற அவசரத்திலும் ஒருநாள் விடமாட்டார். அந்தக் கசப்பும் தேனும் இப்போதும் நாக்கில் இருக்கிறது. அவர் என்மேல் வைத்திருந்த பிரியத்தில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அந்த விளக்கம் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வகுப்பில் யாராவது என்னைப்போல் திக்கிக் காட்டிச் சிரித்தால் கோபம்கூட வராது. நான் என்ன செய்து வைத்தேனோ என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் வினை மூன்று என்று படித்தோம். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்து வந்தது பிராரத்தம், இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரியும், எழுதித்தான் ஒப்பித்தேன். பல வருடம் கழித்துத்தான் அதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. என் திக்கல் பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். பஸ் நிறுத்தத்தில் என் பின்னால் நின்று ‘க்... க்...’ என்று சொல்லிக் காட்டிய பையன் செய்தது என்ன? எனக்கு அது பழைய கணக்கில் வருகிறது என்றால் அவனுக்கு அது புதுக் கணக்கு. அவனுடைய ஆகாமியம். அப்படியானால் என் முன்னால் வந்து நிற்கிற ஒவ்வொருவரும் தன் கணக்கில் ஒரு வரி எழுதத்தான் வந்து நிற்கிறார். சித்தாந்தம் வினையைப் பற்றி இவ்வளவு பேசுவது, படுகிறவனைப் பார்த்து ‘உன் வினை’ என்று சொல்லிவிட்டு நகர்வதற்காக இருக்க முடியாது. அதைச் சொல்கிறவன் தன் கைக்கு வராத புத்தகத்தைத் திறந்து படிக்கிறான்.

நான் கணக்குப் புத்தகம் எழுதுகிறவன், அதனால் இப்படித் தோன்றுகிறதோ என்னவோ. என் தாத்தா காலத்தில் தோட்ட ஆபீசில் செக்ரோல் புத்தகம் கணக்கெழுதும் கிராணியின் மேசையில் இருக்கும். யாருக்கு எத்தனை நாள் பேர், எவ்வளவு பிடித்தம், எல்லாம் அதில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் வந்து எட்டிப் பார்த்தால் கிராணி மூடி வைப்பாராம். அடுத்தவன் கடனை நீ ஏன் பார்க்கிறாய் என்பாராம். வினைக் கணக்குக்கு அந்த மரியாதையாவது கொடுக்கலாம்.

இந்தத் தெளிவெல்லாம் வந்தது பின்னால். 2009-இல் என்னிடம் இருந்தது ஒரு சான்றிதழும், தைத்துப் போட்ட ஒரு வெள்ளைச் சட்டையும், புக்கிட் ரோத்தானிலிருந்து ஜெராம், காப்பார் வழியாகக் கிள்ளான் போய் அங்கிருந்து ஷா ஆலாம் போகும் பஸ் பயணமும்தான். வழிநெடுக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு செம்பனை மரங்களிடம் என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. திக்குவாய்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: தனியாக இருக்கும்போது வரும், நாயிடம் பேசினால் வரும், கைக்குழந்தையிடம் பேசினால் வரும். திருப்பிப் பார்க்கிற கண் ஒன்று வந்ததும் போய்விடும்.

அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் மலாயில் உன்னை அறிமுகப்படுத்திக்கொள் என்றார். ‘நாமா சாயா’, என் பெயர், என்பதுவரை வந்தது. அதற்கப்புறம் வாசல் அடைத்துக்கொண்டது. அந்த மூன்று முகங்களையும் நான் மறக்கவில்லை. முதலில் சிரிப்பு அப்படியே இருக்கும். இரண்டு விநாடி கழித்து உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும், கண் மாறிவிடும். பிறகு மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்தி என் கோப்பைப் பார்ப்பார்கள். அதில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஓரத்தில் இருந்தவர் அதைப் படித்து எனக்காகச் சொல்லிவிட்டார். நான் தலையாட்டினேன். “பயமா?” என்று கேட்டார்கள். பயத்தால் வந்ததில்லை இது. இதனால் வந்ததுதான் பயம். அதைச் சொல்ல நான்கு வாக்கியம் வேண்டும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த ஒன்றரை வருடத்தில் பதினாலு நேர்முகம். எதிலும் யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டவர்கள்தான் சங்கடம். எடுத்ததும் நான் ‘ஹலோ’வில் நிற்பேன், அங்கே ‘லைன் தாக் கிளியர்’ என்று வைத்துவிடுவார்கள். மூன்று வேலை அப்படிப் போனது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை எடுக்கச் சொன்னார் ஒரு நண்பர். ஏழு பிரிவுகளில் பேச்சுக் குறையும் ஒன்று. 2008-இல் அதற்கென்று சட்டமே வந்துவிட்டது. அரசாங்க வேலையில் நூற்றுக்கு ஒன்று ஒதுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பாரத்தை வாங்கி வந்து மேசையில் வைத்துப் பல நாள் பார்த்தேன். எடுப்பவர்களை நான் மதிக்கிறேன், எடுக்கவும் வேண்டும். என்னால் முடிவு செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் வேறு. தனியே இருக்கும்போது இல்லாத குறையை எந்தக் கட்டத்தில் டிக் செய்வது? என்னிடம் இருக்கிறதா இது, அல்லது எனக்கும் எதிரில் இருப்பவருக்கும் நடுவில் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் திருக்குறளிடம் போனேன். பள்ளியில் பேச்சுப் போட்டி வரும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவது 65-ஆம் அதிகாரம், சொல்வன்மை. அதன் கடைசிக் குறள், கற்றதை விரித்துச் சொல்லத் தெரியாதவரை மணமில்லாத பூவுக்கு ஒப்பிடும். பன்னிரண்டு வயதில் அதைப் படித்துவிட்டு அன்று இரவு சாப்பிடவில்லை. வள்ளுவரே சொல்லிவிட்டார், இனி என்ன என்று இருந்தது. அந்த அதிகாரம் அமைச்சியலில் வருகிறது, ஓர் அமைச்சனுக்கு இருக்க வேண்டிய தகுதியைச் சொல்கிறது என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. அதே வள்ளுவர் அதற்கு இருபத்து மூன்று அதிகாரம் முன்பே கேள்வி என்ற தலைப்பில் காதைப் பற்றிப் பத்துக் குறள் எழுதியதையும் கரும்பலகையில் யாரும் எழுதவில்லை. அரசனுக்குச் சொன்னது அது. ஆளுகிறவனுக்குக் கேட்கத் தெரிய வேண்டும் என்பதை முதலில் வைத்து, பேசத் தெரிய வேண்டும் என்பதைப் பின்னால் அமைச்சனுக்கு வைத்திருக்கிறார். நேர்முக அறையில் யார் அரசன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், யார் வாயிலில் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு வள்ளுவரைவிட நெருக்கம் குமரகுருபரர். தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பிள்ளை, ஐந்து வயதுவரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் விரதம் இருந்து கிடந்தார்கள். முருகன் அருளால் வாய் திறந்தது. திறந்த வாயில் கந்தர் கலிவெண்பா வந்தது. பதினேழாம் நூற்றாண்டுக் கதை. அம்மா அதைப் பக்கத்து லயத்தில் நடந்ததுபோலச் சொல்வார். திருச்செந்தூர் போக எங்களிடம் வழியில்லை. எனக்கு ஏழு வயதில் 48 நாள் விரதம் இருந்து பத்துமலைக்குக் கூட்டிப்போனார். 272 படியும் ஏறி, குகைக்குள் என்னை நிறுத்தி, “கூப்பிடுய்யா” என்றார். முருகா என்பதில் ‘மு’. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டது. அம்மா அழவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே வந்தார். ஏன் எண்ணினார் என்று இதுவரை கேட்டதில்லை.

வெகுநாள் அந்தப் புலவர்மேல் எனக்கு வருத்தம். அவருக்குக் கொடுத்தது எனக்கு ஏன் இல்லை என்று. ஆனால் அவர் வரலாற்றில் அம்மா அதிகம் சொல்லாத இன்னொரு பாதி இருக்கிறது. பெரியவராகிக் காசிக்குப் போகிறார். அங்கே ஆட்சியாளரிடம் மடத்துக்கு இடம் கேட்க வேண்டும். அவருக்கு இந்துஸ்தானி தெரியாது. மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய நாக்கு அங்கே போய் நின்றுவிட்டது. அப்போது சரஸ்வதியை வேண்டிப் பாடியதுதான் சகலகலாவல்லி மாலை. இங்கே எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் சரஸ்வதி பூஜைக்குப் பாடுகிற பாட்டு. நானும் பாடியிருக்கிறேன், அது ஒரு வேலை காரியமாக வாய் வேண்டிப் பாடியது என்று அப்போது தெரியாது. வாய் திறந்த அற்புதத்தோடு அவருக்கு முடிந்துவிடவில்லை. இரண்டாம் முறையும் கேட்க வேண்டியிருந்தது. அதுவும் அதிகாரத்தில் இருப்பவர் முன்னால், அவருடைய மொழியில்.

மலேசியாவில் தோட்டத்துப் பிள்ளைக்கு இது நன்றாகப் புரியும். வீட்டில் தமிழ், நேர்முகத்தில் மலாய், பெரிய கம்பெனி என்றால் ஆங்கிலம். எனக்கு ஒவ்வொரு மொழியிலும் வேறு வேறு இடத்தில் பூட்டு. மலாயில் மூன்றுக்கான ‘தீகா’ வராது, ஆங்கிலத்தில் ‘டிப்ளோமா’ வராது. மூன்று வாயையும் மூன்று முறை கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்றே ஒன்று எந்த மொழியிலும் சிக்காது: பாட்டு. எட்டு வயதிலிருந்து தேவாரம் பாடுகிறேன். திருமுறை ஓதும் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். க, த, ப எல்லாம் தாளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கோயிலில் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்: “பாத்தியா, சாமியைப் பாடுறப்ப மட்டும் சாமி இவன் நாக்கை விட்டுடுது.” நானும் அப்படித்தான் நம்பினேன். பாடும் நேரம் எனக்கென்று தனியாக ஒதுக்கிய அருள். மேடையிலிருந்து இறங்கிப் பெயர் கேட்டால் மறுபடியும் பூட்டு. பாட்டை வாங்கிக்கொள்கிறவர் பெயரை ஏன் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு வலி.

இருபத்திரண்டு வயதில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். எங்கள் தலைமுறையில் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவர் அநேகமாக யாருமில்லை. அப்படி ஒரு வைத்தியம் இருப்பதே தெரியாது. அந்தப் பெண் என்னை மூன்று நிமிடம் பேசவிட்டு, குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார். பெரியவர்களில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். குழந்தைகளில் பலருக்குத் தானாகப் போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும். மூளையில் பேச்சின் அசைவுகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையில் ஒரு சின்னப் பிசகு. குடும்பத்தில் வரலாம், 2010-இல் சில மரபணுக்களையே அடையாளம் கண்டார்கள். அப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் என்னைத் தூக்கிப் போட்டது. திக்குபவர்கள் பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. தாளம் வெளியிலிருந்து வந்துவிடுகிறது. உலகம் முழுக்க இப்படித்தான்.

புக்கிட் ரோத்தான் பஸ் வருகிறவரை கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினாலு வருடமாக என் கையில் இருந்த ஒரே தனி அருளை அந்தப் பெண் இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று இருந்தது. சம்பந்தர் பாட்டுக்கும் யாரோ ஓர் ஊரில் யாரோ பாடுகிற சினிமாப் பாட்டுக்கும் என் தொண்டையில் ஒரே பலன்தானா? அன்று மட்டுமில்லை, பல மாதம் கோயிலில் பாடாமல் இருந்தேன்.

மாறியது மெதுவாக. முருகன் பெயரையே கேட்டிராத தேசத்தில் ஒரு பிள்ளை திக்குகிறான். அவனும் பாடினால் அவனுக்கும் வாய் திறக்கிறது. அவனுக்காக யாரும் விரதம் இருக்கவில்லை, அவனும் எதையும் கேட்கவில்லை. கேட்காதவனுக்கும் சாமி அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். நான் இத்தனை நாள் எனக்கென்று ஒரு விதிவிலக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாத் திக்குவாய்க்கும் விதியிலேயே இடம் விட்டிருப்பதைப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது. அந்தப் பெண் சொன்னது என் சாமியைச் சின்னதாக்கவில்லை. நான்தான் அவரை எங்கள் லயத்தளவுக்குச் சின்னதாக்கி வைத்திருந்தேன். திரும்பவும் பாட ஆரம்பித்தேன்.

சைவ நூல்கள் வாக்கை நான்காகப் பிரிக்கின்றன: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. முதல் இரண்டில் எழுத்து வடிவம் தெளிவாகப் பிரியாது. மத்திமையில் எழுத்துகள் வரிசையாக மனசுக்குள் அமைந்துவிடும், அடுத்தவர் காதுக்கு எட்டாது. வாயும் மூச்சும் சேர்ந்து வெளியே ஒலிப்பது வைகரி. இதைப் படித்தபோது யாரோ என்னை உள்ளேயிருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. என் பெயர் மத்திமைவரை முழுசாக வருகிறது. ஓர் எழுத்தும் குறையாமல் அங்கே நிற்கிறது. கடைசிப் படியில்தான் தடுக்குகிறது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று இதை வைத்துத் தேற்றுகிறவர்கள் உண்டு. நானும் சில நாள் தேறினேன். ஆனால் அரிசி வாங்க வைகரிதான் வேண்டியிருக்கிறது. உள்வாக்கு முழுமை என்று சொல்லி ஒருவனைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டால் அது தேறுதல் ஆகாது. அந்த நூல்கள் வைகரியையும் சக்தியின் தொழில் என்றே சொல்கின்றன. புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில் அம்மனின் 51 சக்தி வடிவங்களும் இருக்கின்றன. வடமொழி எழுத்துகளும் 51, அவைதான் அவள் உடம்பு என்பது தந்திர மரபு. அங்கே சுற்றி வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: தொண்டையில் எனக்குச் சிக்கி நிற்கிற ‘க’வும் அவள் உடம்பில் ஒன்றுதான். வெளியே வந்தால்தான் அவள் எழுத்து, நின்றுவிட்டால் என் வினை என்று பிரிக்க முடியாது.

வேலை கிடைத்தது 2010-இன் கடைசியில், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில். 2007-லேயே ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் நட்டது இந்த வட்டாரத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில், 1917-இல், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோன்னியே. நூறு வருடத்தில் பால்மரம் போய் எங்கும் செம்பனை ஆகிவிட்டது. பழக்குலையை வெட்டினால் ஒரு நாளுக்குள் ஆலைக்கு வந்து சேர வேண்டும். நேரம் போனால் எண்ணெயில் புளிப்பு ஏறும். அதனால் லாரிகள் ராத்திரி பகலாக வரும். எனக்கு எடைப் பாலத்தில் வேலை. நாங்கள் ‘தீம்பாங்’ என்போம். பழத்தோடு லாரி ஏறும், எடை. காலியாகத் திரும்பி ஏறும், எடை. ஒன்றில் ஒன்றைக் கழித்துச் சீட்டு.

நேர்முகத்தில் இந்த முறை ஒரு காரியம் செய்தேன். உட்கார்ந்ததும், பெயருக்கு முன்னால், இதைச் சொன்னேன்: “நான் திக்குவேன். கொஞ்ச நேரம் எடுக்கும். நீங்க காத்திருந்தா நான் சொல்லிடுவேன்.” இதைச் சொல்லவே முக்கால் நிமிடம் ஆகியிருக்கும். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று நாள் வந்து எடை போட்டுப் பார் என்றார். முக்கால் நிமிடம் ஒரு மனிதரிடம் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அதுவரை நான் எல்லாரிடமும் அவர்கள் நேரத்தைத் திருடுவதுபோலத்தான் பேசியிருந்தேன்.

முதல் வாரம் வாக்கி-டாக்கியால் திணறினேன். பொத்தானை அழுத்திவிட்டு நிற்பேன். அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். “அடா ஓராங் கெ?” என்று கத்துவார்கள். யாராவது இருக்கிறார்களா என்று. இருக்கிறேன். இருக்கிறேன் என்று சொல்லத்தான் வரவில்லை. எனக்கு வேலை பழக்கியவர் பாக் சு, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மலாய்க்காரர். மூன்றாம் நாள் வாக்கி-டாக்கியை என் கையிலிருந்து வாங்கினார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். “இது எடைப் பாலம். புதுப் பையன் பேசுவான். மெதுவா வரும். யாரும் குறுக்கே பேசாதீங்க” என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று சாப்பாட்டு நேரத்தில் மூசா நபியைப் பற்றிச் சொன்னார். பேரரசன் முன்னால் போய்ப் பேச வேண்டும் என்று கட்டளை வந்தபோது, என் நாக்கின் கட்டை அவிழ்த்துவிடு என்று மூசா வேண்டிக்கொண்டாராம். இங்கே மலாய்ப் பிள்ளைகள் பரீட்சைக்கும் மேடைக்கும் போகும் முன் ஓதுவது அந்த வேண்டுதலைத்தான். “அதோட இன்னொண்ணும் கேட்டார். என்னைவிட நல்லாப் பேசுற என் அண்ணன் ஹாரூனைத் துணைக்குக் கொடுன்னு கேட்டார். நபியே துணை கேட்டார். நீ கேக்கக் கூடாதா?”

கிறிஸ்தவர்களின் யாத்திராகமத்திலும் மோசே தன் வாய் மந்தம் என்றுதான் பின்வாங்குகிறார். அங்கேயும் ஆரோன் துணைக்கு வருகிறார். நான் பத்துமலைக் குகையில் நின்ற நாளிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே வழி, வாய் முழுசாகத் திறக்கும் வழி. துணை கேட்பதும் வேண்டுதல்தான் என்று எனக்குச் சொன்னவர் தொழுகைக்குச் சுராவுக்கு ஐந்து வேளை போகிற ஒரு மலாய்க்காரர். ஹாரூன் செய்ததாக நான் புரிந்துகொண்டதை பாக் சு எனக்குச் செய்தார். என் இடத்தில் பேசாமல், நான் பேச இடம் பண்ணிக் கொடுத்தார்.

அந்த ஆலையில் பலருக்கு ஓடுகிற மலாய் கிடையாது என்பதும் எனக்கு வாய்த்தது. வங்காளதேசத்துப் பையன்கள் சொல் தேடி நிற்பார்கள், நேப்பாளத்துக் காவலர் கையால் பாதி சொல்வார், இந்தோனேசிய லாரி ஓட்டுநர் தன் ஊர் வழக்கில் பேசிவிட்டு மறுபடி சொல்வார். நான் அவர்களுக்குக் காத்திருந்தேன், அவர்கள் எனக்கு. மழைநாள் ஒன்றில் லாரி பாலத்தில் ஏறி நிற்க, எனக்கு எண்ணில் ‘தீகா’ சிக்கிவிட்டது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னலில் கை வைத்து உட்கார்ந்தார். வைப்பர்கூட நின்றுவிட்டது. கூரைத் தகரத்தில் மழை மட்டும். எடை காட்டும் சிவப்பு எண் என் முன்னால் அசையாமல் நின்றது. அவருக்கும் அது தெரியும் இடத்தில்தான் இருந்தது. எட்டிப் பார்த்து அவரே படித்துக்கொண்டு போயிருக்கலாம். படிக்கவில்லை. நான் சொல்லி முடித்த பிறகு “பாய்க்” என்று எஞ்சினைப் போட்டார்.

அம்மாவுக்கு இப்போது முட்டி வலி. தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது, லயம் இல்லை. கோயில் மட்டும் புது வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. போன ஆடி வெள்ளியில் அவரைத் தூணோரம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வரிசையில் நின்றேன். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த குருக்கள், என்னைத் தெரியாது. “பேரு?” என்றார். நாக்கின் அடி மேலே போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் அம்மா கழுத்தை நீட்டினார், வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு சாமியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். குருக்கள் விரலில் குங்குமம் இருந்தது. அவர் கருவறைப் பக்கம் திரும்பவில்லை. பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அழுதது, யாரோ அதைச் சமாதானப்படுத்தினார்கள். மூன்றாம் மூச்சில் என் பெயர் வந்தது. அவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரி பார்த்துக்கொண்டார்.

“நட்சத்திரம்?”

பூசம் என்றேன்.

“ராசி?”

என் ராசி கடகம். குங்குமம் அவர் விரலிலேயே இருந்தது.